ஐயாற்று நாட்கள்: பாட்டும் பலா மரமும்

துவிதியை, இரவு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து பாலங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். காவிரி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிறது. வழக்கமாக மேட்டூரை ஜனவரி 28-ல்தான் மூடுவார்கள் என்பதால் தியாகராஜ ஆராதனை சமயத்தில் பெரும்பாலும் ஆறு நம்மை ஏமாற்றாது. சாலையோரத்தில் சம்பா நெல் காய்கிறது, பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

கர்நாடக இசைக்கு எண்ணற்ற கிருதிகள் தந்த தியாகராஜர் மறைந்த திதியை ஒட்டி இங்கே நடக்கும் இசை விழாதான் ஆராதனை. அதற்கு வரவேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் தியாகராஜரின் ஐந்து பெரிய கிருதிகளான பஞ்சரத்னம் முழுவதும் பாடம் பண்ணியவர். கல்யாணம், பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. வருஷா வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டே கூடப் பாடுவார். இந்த முறை ரிடையர் ஆகிவிட்டார், நானும் லீவு போட்டுவிட்டேன்.

ஆற்றின் வடகரையில் தியாகராஜரின் சமாதி, அதை ஒட்டிப் பெரிய பந்தல். பந்தலுக்குள் இரண்டு மேடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் கச்சேரி நடக்கும்போதே மற்றதில் அடுத்த கோஷ்டி உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொள்கிறது. இங்கே முடிந்த கையோடு அங்கே ஆரம்பம். ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கிருதி, நேரம் இருந்தால் இரண்டு. சன்மானம் கிடையாது. பெரிய வித்வான் பாடி முடித்து எழுந்ததும் அடுத்த மேடையில் ஏதோ ஓர் ஊர்ப் பாட்டு வகுப்புப் பிள்ளைகள், ஒரே கலரில் பாவாடை தாவணி, முன் வரிசையில் இருந்த பெண்ணுக்குப் பயத்தில் குரலே எழும்பவில்லை. இருவருக்கும் கைதட்டல் ஒரே அளவுதான். சென்னை சபாக்களில் இரண்டரை மணி நேரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது துண்டு துண்டாகத் தெரியலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு வரியையே விரித்துப் பாடும் நிரவலுக்கும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடமில்லாதபோது பாடகருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

ராத்திரி பந்தலுக்குப் பின்பக்கம் போய் நின்றேன். மேடை ஏறுவதற்கு முன் ஒரு மிருதங்கக்காரர் டப்பாவைத் திறந்து ரவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி இடந்தலையின் நடுவில் அப்பினார். தட்டினார். கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மறுபடி தட்டினார். தொம் என்று அடி இறங்கும் வரை இந்த வேலை நடந்தது. பிறகு வாத்தியத்தைத் திருப்பிக் கல்லும் கட்டையுமாக வலந்தலையின் விளிம்பைத் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவந்தார். மேடையில் அவர் வாசித்த நேரத்தைவிட இது அதிகம்.

“இதெல்லாம் டிவியில காட்டவே மாட்டானே” என்றார் அத்தை. அப்போதுதான் முடிவு செய்தோம். காலைக் கச்சேரிகளை விட்டுவிட்டு நாளைக்குத் தஞ்சாவூர் திரும்பிப் போய் வீணை செய்கிற இடத்தைப் பார்ப்பது.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: திருவையாற்று அசோகா பாசிப்பருப்பில் செய்வது, சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும்.

திருதியை, இரவு

வீணைப் பட்டறை என்றதும் நான் ஏதோ கண்ணாடி அலமாரியும் விளக்குமாகக் கற்பனை பண்ணியிருந்தேன். ஓட்டு வீடு, வாசலில் பலாக் கட்டைகள், உள்ளே கணுக்கால் வரை மரத்தூள். பலா பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறதாம். அறுத்த மரம் புது மஞ்சளாக இருக்கிறது. நாளாக நாளாகச் சிவந்து போகும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் இசைக்கருவி இதுதான். 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் தந்தியை அழுத்த உதவும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் 24-ம் நிலையாகப் பதிந்த இந்த வடிவம் வந்தது என்பார்கள். குடம், கழுத்தான தண்டி, அதன் முனையில் யாளி முகம் மூன்றும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. விலையில் பெரிய வித்தியாசம். நாதத்திலும் உண்டு என்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆசாரியிடமே கேட்டேன்.

“சொல்றவங்க சொல்வாங்க சார். மரம் நல்லா காஞ்சிருந்தா ஒட்டு வீணையும் பேசும். பச்சை மரத்துல ஏகாண்டம் பண்ணினா என்ன பிரயோஜனம்?”

குடத்தைக் குடையும் வேலை ஒரு பையனிடம் இருந்தது. உளியால் சீவிச் சீவி, நடுநடுவே விரலால் வெளிப்பக்கம் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறான். சுவர் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு அளவுகோல் வைத்துப் பார்த்து நான் பார்க்கவில்லை. இன்னொருவர் யாளியின் பல்வரிசையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் தண்டியின் கீழே தாங்கி நிற்கும் சுரைக்காய் நிஜச் சுரைக்காயாக இருந்த காலம் போய், இப்போது காகிதக் கூழிலும் ஃபைபரிலும் வருகிறது.

ஆனால் நான் அசந்து உட்கார்ந்தது மெட்டு வைக்கிற இடத்தில்தான். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சி, தண்டியின் இரண்டு ஓரத்திலும் கரை கட்டியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு மெழுகின் மேல்தான் 24 பித்தளை மெட்டுகளும் நிற்கின்றன. ஆணி இல்லை, பசை இல்லை. பெரியவர் தந்தியை மீட்டிவிட்டு ஒரு மெட்டை நகத்தின் அகலத்தில் கால் பங்கு தள்ளுகிறார். மீட்டுகிறார். தலையை ஆட்டுகிறார். திரும்ப அதில் பாதி பின்னால் இழுக்கிறார். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. சரியாக அமர்ந்ததும் சூடான கம்பியால் மெழுகை இளக்கி இறுக்குகிறார். அடுத்த மெட்டு. ஒரு வீணைக்கு ஒரு நாள் இதிலேயே போய்விடுமாம். பேசினால் கோபம் வரும் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள், அதனால் காபி வரும் வரை வாயைத் திறக்கவில்லை.

“மெழுகு வெயிலுக்கு இளகும்மா” என்றார் அத்தையிடம், காபியை ஆற்றிக்கொண்டே. “வாசிக்க வாசிக்க மெட்டும் தேயும். சில வருஷத்துக்கொருக்க பிரிச்சு திரும்ப வைக்கணும். அதுக்கு ஆள் கிடைக்காமத்தான் பாதி வீட்டுல வீணை மூலைல நிக்குது.”

அத்தைக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு வீணையும் அப்படித்தான் நிற்கிறது. பாட்டியுடையது. சாரணித் தந்தி அறுந்து எத்தனை வருஷமோ.

தலையாட்டி பொம்மை, கலைத்தட்டுக் கடைகளையும் வழியில் பார்த்தோம். எழுத ஒன்றும் இல்லை. பஸ்ஸைப் பிடித்து மாலைக் கச்சேரிக்குத் திரும்பிவிட்டோம். வீணை மேடை ஏறியபோது அத்தை வாசித்தவரின் முகத்தைப் பார்க்காமல் மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சதுர்த்தி, மத்தியானம்

இன்றைக்குச் சின்னக் குறிப்புதான். வெயில், தலைவலி.

காலையில் ஐயாறப்பர் கோயில். பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எங்களுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்ததால் எது யாருடைய எதிரொலி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்தில் இப்போது நினைவில்லம். திருவாரூரில் 1767-ல் பிறந்தவர், இங்கே வாழ்ந்து 1847 ஜனவரி 6-ல் சித்தியடைந்தார். புஷ்ய பகுள பஞ்சமி. அந்தத் திதிதான் நாளைக்கு.

சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையைத் தேடிப் போய்ப் பார்த்தோம். நிறையப் பேர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். 1920-களின் தொடக்கத்தில் சமாதி புதர் மண்டிக் கிடந்தது கேள்விப்பட்டு வந்தவர், தன் சொத்தைப் போட்டு இடத்தை மீட்டுக் கோயில் எழுப்பினார். அப்படிக் கட்டியவரையே ஆராதனையில் பாட விடவில்லை. அன்றைக்குப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக ஆராதனை நடத்திக்கொண்டிருந்தன. இரண்டிலும் பெண்களுக்கு இடமில்லை. 1927-ல் அந்த அம்மாள் சமாதிக்குப் பின்பக்கம் பெண்களைச் சேர்த்துத் தனி ஆராதனை ஆரம்பித்தார், அது மூன்றாவது கட்சி. 1940-களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாகின. எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் இன்றைய முறை அதற்குப் பிறகு நிலைத்தது. நாளைக்கு அத்தை உட்காரப் போகும் இடம் அந்தச் சண்டையில் கிடைத்த இடம்.

அத்தை லாட்ஜ் அறையில் பழுப்பு அட்டை போட்ட பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வராளி ராகப் பஞ்சரத்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தில் அதைத்தான் குறைவாகப் பாடுவார்கள், வராளியை நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அத்தையின் வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடினாராம், இவர்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்களாம். நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் அடித்தல் திருத்தல் அதிகம்.

பஞ்சமி, இரவு

விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். அப்படியும் நல்ல இடம் போய்விட்டது. திருமஞ்சன வீதியிலிருந்து, பாடி அரிசி யாசிக்கும் உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே சமாதிக்கு வந்தது. நாகஸ்வரம் முழங்கியது. தவில் அடங்கிய பிறகு புல்லாங்குழல். ஒன்பது மணிக்கு நாட்டை ராகத்தில் முதல் பஞ்சரத்னம்.

டிவியில் தெரியாத ஒரு விஷயம். பாடுகிறவர்கள் ஜனங்களைப் பார்த்து உட்காரவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் எதிரும் புதிருமாக, நடுவில் வழி விட்டு. கச்சேரி என்றால் யாரோ ஒருவர் நமக்காகப் பாடுவது. இங்கே பாட்டு அவர்களுக்குள்ளேயே போய் வருகிறது, உள்ளே சமாதியில் அபிஷேகம் நடக்கிறது, நாம் பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். முன் வரிசை வித்வான்களுக்கு. ஆனால் பந்தலின் கடைசி மூங்கில் வரை மடியில் புத்தகத்தோடு பாடுகிறார்கள். எனக்கு முன்னால் இருந்த போலீஸ்காரம்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

நாட்டை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு, ஐந்துமே ஆதி தாளம். நாட்டையில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். கௌளையில் ஆரம்பித்தது பிரச்சினை. ஒவ்வொரு குருவின் பாடாந்தரமும் ஒவ்வொரு மாதிரி, வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒரு சங்கதி ஒருவருக்கு மேலே போகும், இன்னொருவருக்குக் கீழே வரும். அத்தைக்குப் பக்கத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா. கணீர்க் குரல். அத்தை ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் போக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு குரலை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆரபி வந்ததும் சமாதானம். சிட்டஸ்வரத்தை முதலில் ஸ்வரமாகவும் பிறகு சொற்களோடு சாகித்யமாகவும் பாடி, ‘சமயானிகி’ என்ற வரிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பந்தல் மொத்தமும் ஒரே இடத்தில் தொடை தட்டியது. தரையில் அதிர்வு தெரிந்தது, உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

வராளி. அத்தை நோட்டை மூடி மடியில் வைத்துவிட்டார். பாடுகிறாரா என்று பார்க்கத் திரும்பினேன். ஆந்திர அம்மாவின் வாயைப் பார்த்துப் பார்த்து ஒரு அட்சரம் தள்ளி வந்துகொண்டிருந்தார், தாளம் மட்டும் பிசகவில்லை. கடைசியில் ஸ்ரீராகம். அதில் யாருக்கும் பயம் இல்லை.

எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குறை சொல்ல வேண்டும் என்றால் இரண்டு. முன் வரிசை மைக்குகளைத் தாண்டிக் கூட்டத்தின் குரல் ஒலிபெருக்கியில் வருவதே இல்லை. வானொலியில் கேட்கிறவர்களுக்கு இது கோஷ்டி கானம் என்று எப்படித் தெரியும்? இரண்டாவது, செல்போன். பாடுவதற்கென்று வந்துவிட்டுக் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் தாளம் எந்தக் கையில் போடுவது?

“அவ பாடினது தப்புடா. எங்க வாத்தியார் அப்படிச் சொல்லித் தரவே இல்ல” என்று சாப்பாட்டுப் பந்தியில் ஆரம்பித்தவர், சாயங்காலம் வரை விடவில்லை. இதில் வேடிக்கை, அந்த அம்மாவின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறார். ராத்திரி வீதியுலா பார்த்தோம். ஆஞ்சநேயர் உற்சவத்தோடு விழா முடிகிறது. பந்தலில் இப்போதே பாதி விரிப்புகளைச் சுருட்டிவிட்டார்கள்.

சஷ்டி, கும்பகோணம்

ஊருக்குத் திரும்புகிற வழியைக் கொஞ்சம் வளைத்து நரசிங்கம்பேட்டை போனோம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாதையில் ஆடுதுறையைத் தாண்டியதும் வரும் சின்ன ஊர். நேற்றுக் காலை முழங்கிய நாகஸ்வரத்தின் ஊர் இதுதான். 2022-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது.

வாத்தியம் செய்வது ஆச்சா மரத்தில். புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், பல பத்து வருஷம் காய்ந்தது, அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். அடுக்கி வைத்திருந்த கட்டை ஒன்றில் பழைய ஆணித் துளை இருந்தது. எந்த வீட்டுக் கூரையைத் தாங்கியதோ. கடைசலில் உருட்டி, நீளக் கம்பியால் நடுவில் துளை போட்டு, உள்துளை மேலே குறுகிக் கீழே விரியும்படி படிப்படியாகக் கடைந்து எடுக்கிறார்கள். உடம்பு உலவு, அடியில் விரிந்த வாய் அணசு. முன்பு கயிறு இழுத்துச் சுழற்றிய கடைசலுக்கு இப்போது மோட்டார்.

பழைய நாயனம் திமிரி. குட்டை, சுருதி அதிகம், அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாக நிற்காது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டும். பக்கத்துத் திருவாவடுதுறையில் இருந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும் இந்த ஊர் ரங்கநாத ஆசாரியும் சேர்ந்து உழைத்து, அது சுத்தமாகப் பேசும் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மேடையில் கேட்பது அதன் வழி வந்ததுதான். வாசித்தவரின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். செய்தவரின் பெயரை இந்தத் தெருவில்தான் கேட்க முடிகிறது.

நாங்கள் இருந்தபோது ஓர் இளைஞர் வாத்தியம் எடுக்க வந்தார். இடுப்புத் துணியிலிருந்து, ஊதுவதற்கான நாணல் துண்டான சொந்தச் சீவாளியை எடுத்து வாயில் ஊற வைத்து, செருகி, கல்யாணியில் நாலு பிடி பிடித்தார். அந்தச் சின்ன அறையில் காது அடைத்துவிட்டது. “நிஷாதம் கொஞ்சம் தூக்குதுண்ணே” என்றார். ஆசாரி வாங்கி, கீழ்ப்பக்கத்தில் விரல் படாத துளைகளில் ஒன்றில் மெழுகை வைத்துப் பாதி மறைத்துக் கொடுத்தார். மொத்தம் பன்னிரண்டு துளை, வாசிக்கிற ஏழு போக மீதி ஐந்து இந்த மாதிரி சரிபார்ப்பதற்குத்தான். மறுபடி வாசிப்பு, மறுபடி மெழுகு. அத்தை என் கையைக் கிள்ளி, “இங்கயும் மெழுகுதான், பாத்தியா” என்றார்.

எனக்கு நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். ஆராதனைப் பந்தலுக்குப் பக்கத்தில் வாத்தியம் செய்கிறவர்களுக்கு இடம் ஒதுக்கினால் என்ன? நரசிங்கம்பேட்டையிலிருந்து நாயனம், தஞ்சாவூரிலிருந்து வீணை, மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர்கள், மானாமதுரையிலிருந்து கடம். பாட்டு கேட்க வருகிற ஜனம் செய்வதையும் பார்க்குமே.

ஆசாரி கடைசலை நிறுத்தாமலேயே சொன்னார்: “தை பொறந்தாச்சு, வரிசையா முகூர்த்தம். நான் அங்க போயி கடையப் போட்டுட்டு உக்காந்தா இவருக்கு யாரு தம்பி மெழுகு வைக்கிறது? பாக்கணும்னா நீங்க இங்க வரச் சொல்லுங்க.”

போக நினைப்பவர்களுக்கு: நரசிங்கம்பேட்டையில் பாசஞ்சர் ரயில் நிற்கும், பஸ்ஸும் உண்டு. கல்யாண சீசனில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம், பேச ஆள் கிடைக்காது. பேச வேண்டும் என்றால் ஆடியில் போங்கள். நாங்கள் நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறோம். அத்தை இப்போது தஞ்சாவூர்ப் பெரியவருக்குப் போன் போட்டு, பாட்டி வீணையை மடியில் வைத்து எடுத்து வரலாமா, பெட்டி செய்துதான் வரவேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.